பதினெட்டாம் நம்பர் பஸ்ஸின் இரண்டாம் பாதி

கண் கழுவும் மெஷின் மதுரைக்கு வந்த பிறகு சினிமாச் சண்டைகளின் தரம் குறைந்துவிட்டது என்பது யூடியூப் விமர்சகர் இன்பசேகரனின் தனிப்பட்ட வருத்தம். முன்பெல்லாம் ஒரு படம் காவியமா மொக்கையா என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டால், குறைந்தபட்சம் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். இப்போது "உன் கண்ணு அழுக்குடா, கழுவிட்டு வந்து பேசு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

மெஷினுக்குத் தெரிந்தது ஒரே வேலை. நீங்கள் சொல்லும் படத்தை உங்கள் மூளையிலிருந்து அலுங்காமல் குலுங்காமல் எடுத்துவிடும். ஒரு மணி நேரம் ஆகும். வெளியே வந்தால் அந்தப் படம் உங்களுக்கு மறுபடியும் முதல் நாள் முதல் காட்சி. வில்லாபுரத்தில் ஒருவர் தன் தலைவர் படத்தை இருபத்து மூன்று முறை கழுவி, இருபத்து நான்காவது முறையும் அறிமுகக் காட்சியில் காகிதம் கிழித்து வீசினார். கேம் விளையாடுகிறவர்கள் இன்னும் மோசம். மூன்றாம் பாகத்தில் கதாநாயகனைக் கொன்றுவிட்டார்கள் என்று கொதித்த ஒரு கூட்டம், அதைக் கழுவிக்கொண்டு, மறுபடி அறுபது மணி நேரம் விளையாடி, மறுபடி கொதித்து, போன வருடம் எழுதிய அதே வசவை எழுத்துப்பிழைகூட மாறாமல் எழுதியது. இன்பசேகரன் இதை வைத்து ஒரு வீடியோ போட்டார். "மனுசன் திருந்தமாட்டாங்கிறதுக்கு இதுக்கு மேல என்னய்யா ஆராய்ச்சி வேணும்?" என்று கேட்டுச் சிரித்தார். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அடுத்த மாதமே சண்டை அவர் வீட்டு வாசலுக்கு வந்தது.

"அத்தான், உங்களத்தான் கழுவச் சொல்றாய்ங்க" என்றாள் ஜெனிட்டா, போனிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் மனைவி ஃபிலோமினாவின் தங்கை. அக்கா இறந்த பிறகு சேனலுக்குக் கேமரா பிடிப்பதும் எடிட் செய்வதும் அத்தானைத் திட்டுவதும் அவள் பொறுப்பு.

"எந்தப் படத்துக்கு?"

"பதினெட்டாம் நம்பர் பஸ். திரும்ப ரிலீஸ் பண்றாங்களாம். உங்க மூஞ்சிய டீ சர்ட்ல போட்டு, கண்ணுக்கு மேல சோப்பு நுரை வரைஞ்சிருக்காய்ங்க. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் வரைஞ்சிருக்காய்ங்க."

இன்பசேகரன் சிரிக்க முயன்றார். வரவில்லை.

ஒன்பது வருடம் முன்பு வந்த படம் அது. சோலையப்பன் என்ற மேலூர்க்காரரின் முதல் படம், கடைசிப் படமும் அதுவே. அந்த நாளில் இன்பசேகரன் ஒரு வழக்கம் வைத்திருந்தார்: படம் முடிந்த பத்தாவது நிமிடம், தியேட்டர் வண்டி ஸ்டாண்டில் நின்றபடியே விமர்சனம். அன்று வைரம் தியேட்டர் ஸ்டாண்டில் நின்று அவர் சொன்ன ஒரு வரி ஊரெல்லாம் பரவியது. "இந்தப் படத்துக்கு ரெண்டாம் பாதியே இல்லய்யா." அதை வைத்து மீம் போட்டார்கள், பாட்டுக் கட்டினார்கள், ஒரு பனியன் கம்பெனி விளம்பரத்தில்கூட வந்தது. திங்கட்கிழமை படம் படுத்துவிட்டது. இப்போது புதுப் பையன்கள் எங்கோ தோண்டி எடுத்து, இது காலத்தை முந்திய படம், இன்பசேகரன்தான் கொலைகாரன் என்று கிளம்பியிருக்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பாதி சரி என்பது உலகத்தில் இன்பசேகரன் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அந்த இரண்டாம் பாதியைப் பார்க்கவே இல்லை.

பார்க்காமல் எங்கும் போய்விடவில்லை. சீட்டில்தான் இருந்தார். இடைவேளையில் கேன்டீன் பக்கத்துச் சுவரோரம் நின்று, ஃபிலோமினா இரண்டு முட்டை பஃப்ஸையும் அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இன்பா, ரிப்போர்ட் நேத்தே வந்துருச்சு. நம்ம பயந்ததுதான். படம் முடியட்டும்னு இருந்தேன், தாங்கல, சொல்லிட்டேன். இங்க அழுது மானத்த வாங்காத. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம், இன்னைக்கு படத்தப் பாக்கறோம். ஜெனிட்டாக்குக்கூடச் சொல்லக்கூடாது." பிறகு பஃப்ஸைக் காட்டி, "ஆறுது, தின்னு" என்றாள்.

மணி அடித்தது. உள்ளே போனார்கள். அவள் கை அவருடைய இடது கைக்குள் இருந்தது. அதற்கு மேல் திரையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. பாவம், அவளுக்கும் எங்கே தெரிந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வெளியே வந்ததும் "வழக்கமாப் பேசறதப் பேசு, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது" என்று அவளே கேமராவைத் தூக்கினாள். அவர் வாயில் வந்தது அந்த வரி. அவள் கேமராவை இறக்கி, ஒரு நொடி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வண்டியை எடுக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் பதினான்கு மாதம் இருந்தாள். அந்தப் படத்தைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. பேச வேறு விஷயங்கள் இருந்தன.

அவர் சும்மா இருந்துவிடவும் இல்லை. வீட்டில் பதினோரு முறை அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார். 'இடைவேளை' என்று எழுத்து விழும், பஸ் ஹாரன் அடிக்கும், உடனே அறைக்குள் யாரோ வந்து சுவரோரம் நிற்பது போலிருக்கும். பதினோரு முறையும் அணைத்தார். அவர் பேய் பிசாசை நம்பாதவர். பேய்ப் படங்களை மட்டும் ஒன்றுவிடாமல் திட்டியவர்.

வெள்ளிக்கிழமை காலையில் சோலையப்பனே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், தலை முழுக்க நரை. இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறாராம். பழைய தயாரிப்பாளரிடமிருந்து படத்தின் உரிமையைச் சல்லிசாக வாங்கி இவரேதான் மறுபடி வெளியிடுகிறார்.

"சண்டை போட வரல சார்" என்று ஆரம்பித்தார். "பசங்க கத்துறது எனக்கே கூச்சமாத்தான் இருக்கு."

"காப்பி குடிங்க" என்றார் இன்பசேகரன்.

"ஒரே ஒரு உதவி. நீங்க கழுவிட்டு வந்து இன்னொரு தடவ பாருங்க. அதுக்கப்புறம் குப்பைன்னு சொன்னாலும் சந்தோசம். ரெண்டாம் பாதிய ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒழுங்காப் பாத்தாருன்னு இருந்தாப் போதும் எனக்கு."

சொல்லிவிடலாம் என்று இன்பசேகரனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. 'அய்யா, நான் பார்க்கவே இல்லை, உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.' பதினெட்டு வருடமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசிச் சோறு தின்றவருக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

"பாக்கறேன்" என்றார்.

கண் கழுவும் இடம் பை-பாஸ் ரோட்டில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. மெஷினை இயக்குகிற ரிஸ்வானா சின்னப் பெண், சிரித்த முகம். ஸ்டாண்ட் விமர்சனங்கள் பார்த்து வளர்ந்தவளாம். அதைக் கேட்டதும் தனக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்பது அவருக்கு உறைத்தது.

"எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் சார்?"

"காலைக் காட்சி. ஒம்போதுலேர்ந்து பன்னெண்டு." கொஞ்சம் தயங்கினார். "ஏம்மா, இடைவேளைய மட்டும் விட்டுட்டு எடுக்க முடியாதா?"

ரிஸ்வானாவின் சிரிப்பு குறைந்தது. "எல்லாரும் இதத்தான் சார் கேக்கறாங்க. மெஷின் செஞ்ச ஊர்ல படத்துக்கு இடைவேளையே கிடையாது. முதல் தடவ லைட் அணையறதுலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே துண்டா எடுக்கும். நாங்க மெயில் போட்டோம். 'படத்தை ஏன் நடுவில் நிறுத்துகிறீர்கள், புரொஜெக்டர் ரிப்பேரா?'ன்னு பதில் வந்துச்சு."

"அப்ப அதுவும் போயிரும்."

"போயிரும் சார். போன மாசம் ஒரு அண்ணன், இடைவேளைல வச்சுத்தான் அவர் வீட்டம்மாகிட்ட முதல்ல பேசினாராம். கழுவிட்டு வீட்டுக்குப் போயி, 'நாம எப்படிப் பழகினோம்?'னு கேட்டு அடி வாங்கிருக்காரு." தன் ஜோக்குக்கு அவர் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கப்புறம் நீங்க நெனச்சது, வருத்தப்பட்டது எல்லாம் இருக்கும். நடந்தது மட்டும் இருக்காது. வீடு இருக்கும், ஒரு ரூம் இருக்காது. கதவு மட்டும் தெரியும். யோசிச்சுச் செய்யுங்க."

அவர் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். ஜெனிட்டா கேமரா பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கீழேயிருந்து பல் குடையும் சத்தம் வந்தது. அங்கே வைத்துத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேன்டீன் சுவர், மஞ்சள் சுடிதார், பஃப்ஸ், ஃபிலோமினா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும்.

"அக்கா எனக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் சொன்னா" என்றாள் ஜெனிட்டா கடைசியில். மூக்கை உறிஞ்சினாள். "அதக் குடுத்துட்டா ஒங்களுக்கு என்ன மிஞ்சும் அத்தான்? எவனோ டீ சர்ட் போட்டான்னா?"

"டீ சர்ட்டுக்கு இல்ல. அந்தாளு காப்பிய மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டு, டம்ளரத் தானே எடுத்துட்டுப் போயி அடுப்படில வச்சாரு. தன் பொழப்பக் கெடுத்தவன் வீட்டுல யாராவது அப்படி செய்வாங்களா?" அவர் எழுந்தார். "நான் பாக்காமச் சொன்னவன். பாத்துட்டுச் சொல்லணும். இடைவேளை வந்தா என்னால அதத் தாண்ட முடியல ஜெனி. அது இருக்கிறவரைக்கும் முடியாது."

"அப்ப எனக்குச் சொன்னது?"

"நீ வச்சுக்க."

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது அவருக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இடைவேளையில் ஃபிலோமினா ஏதோ சொன்னாள் என்று தெரிந்தது. என்ன சொன்னாள் என்பதுகூட ஜெனிட்டாவிடம் சற்றுமுன் சொல்லியிருந்ததால் தெரிந்தது. ஆனால் சொன்னவளின் முகத்தைத் தேடினால் அங்கே வெள்ளைச் சுவர் இருந்தது. யாரோ வீட்டு இழவுச் செய்தியை யாரோ வாசித்த மாதிரி.

ஞாயிறு காலைக் காட்சி, அதே வைரம் தியேட்டர். நானூறு ரசிகர்கள், பாதிப் பேர் சோப்பு டீ சர்ட்டில். லட்சம் பேர் போனில் நேரலையாகப் பார்த்தார்கள். முதல் பாதி அவருக்குப் பிடித்தது. கடைசி பஸ்ஸோடு தன் வேலையும் போகப்போவதை வீட்டில் சொல்லாமல் மறைக்கிற ஒரு கண்டக்டரின் கதை. இடைவேளை எழுத்து விழுந்தது, ஹாரன் அடித்தது. இன்பசேகரன் சாதாரணமாக எழுந்து போய் டீ குடித்தார். பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. மணி அடித்து உள்ளே வந்து உட்கார்ந்து, விளக்கு அணைந்ததும், அவருடைய இடது கையை யாரோ பிடித்தார்கள்.

திரும்பிப் பார்த்தார். இடது பக்கத்துச் சீட்டில் ஜெனிட்டாவின் கேமரா பை மட்டும் இருந்தது. அவள் வரிசை ஓரத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கைக்குள் சூடு மட்டும் இருந்தது, மோதிரம் அழுத்துகிற சூடு. ரூமைக் காலி செய்தவர்களுக்கு விரல்கள் தங்கள் நினைவை எங்கே ஒளித்து வைத்திருக்கும் என்று தெரியவில்லை போலிருக்கிறது. கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதி முழுவதையும் கண் கொட்டாமல் பார்த்தார்.

படு மோசமாக இருந்தது.

கண்டக்டருக்குத் திடீரென்று லாட்டரி அடித்தது. வில்லன் ஒருவன் எங்கிருந்தோ வந்தான். குத்துப்பாட்டு ஒன்று வந்தது. கடைசியில் பஸ்ஸையே விலைக்கு வாங்கி, அதில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார்கள்.

வண்டி ஸ்டாண்டில் நானூறு பேர் சூழ்ந்து நின்றார்கள். ஜெனிட்டா கேமராவைத் தூக்கினாள். கூட்டத்துக்குப் பின்னால், ஒரு ஸ்கூட்டர் மேல் சாய்ந்து, சோலையப்பன் நின்றது தெரிந்தது. நல்லதாகப் பொய் சொல்லிவிடலாமா என்று இன்பசேகரன் யோசித்தார். ஏற்கெனவே ஒரு பொய்க்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

"முதல் பாதி தங்கம்" என்றார். "ரெண்டாம் பாதி வேற எவனோ எடுத்த மாதிரி இருக்கு. மன்னிச்சுக்கங்க சோலையப்பன், இப்பவும் நல்லால்ல."

அவருக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது. ஆனால் சோலையப்பன் ஸ்கூட்டர் மேல் சாய்ந்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்தார், சரியான விடையைக் கேட்ட வாத்தியார் மாதிரி.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், லேப்டாப் பையோடு மறுபடி வந்தார். இந்த முறை காப்பி வேண்டாம் என்றார்.

"நீங்க சொன்னது சரி சார். அது வேற எவனோ எடுத்தது. உங்க பழைய வீடியோவக் காட்டி, மூணாம் நாளே புரொடியூசர் என் ரெண்டாம் பாதியத் தூக்கிட்டு, அப்புறம் ஒரு மாசத்துல வேற ஆளை வச்சு எடுத்து ஒட்டிட்டாரு. பசங்களுக்கு அதான் தெரியும். ஒரிஜினல் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அழிச்சு அடுத்த படத்துக்கு எடுத்துக்கிட்டாரு."

இன்பசேகரன் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நீங்க எடுத்தது?"

"முதல் மூணு நாள் பாத்தவங்க மண்டைல மட்டுந்தான் இருந்துச்சு. அதுல நிச்சயமாப் பாத்தவர்னு எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க." சோலையப்பன் அவரை நேராகப் பார்க்கவில்லை. "இந்த மெஷின் எடுக்கறது வீணாப் போறதில்ல சார். நீங்க கண்ணால பாத்தது அப்படியே பதிவாகும். சத்தம் வராது, படம் மட்டும் வரும். அத உரிமைக்காரன்கிட்ட ஒப்படைக்கணும்னு சட்டம். மண்டைக்குள்ள வச்சிருந்தாலும் திருட்டுப் படமாம்! நான் உரிமைய வாங்கினதே அதுக்குத்தான். உங்கள ஏமாத்தித்தான் கழுவ வச்சேன்."

"பதிவப் பாத்தீங்களா?" ஜெனிட்டா கேட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

"பாத்தேன்மா. முதல் பாதி நல்லா இருந்துச்சு. இடைவேளை வந்தவுடனே ஓட்டிவிட்டுட்டேன், அது என் படம் இல்ல. அதத் தனியா வெட்டி இதுல வச்சிருக்கேன்." ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். "நான் வெட்டினதுலயே உருப்படியான வெட்டு. அப்புறம் ரெண்டாம் பாதியப் போட்டேன். போட்டா…" அவர் நிறுத்தினார். "சார், நீங்க படத்தையே பாக்கல."

"பாக்கல" என்றார் இன்பசேகரன். அந்த ஒரு வாக்கியம் கடைசியில் வந்தேவிட்டது. "பாக்காமத்தான் சொன்னேன்."

"ரெண்டு நாள் உங்களக் கொல்லணும்னு இருந்தேன். மூணாம் நாள் மறுபடி போட்டுப் பாத்தேன். அதான் கொண்டாந்தேன்."

பையிலிருந்து ஒரு சின்ன புரொஜெக்டரை எடுத்து லேப்டாப்பில் மாட்டினார். சுவரில் படம் விழுந்தது. இருட்டில் ஒரு பெண்ணின் முகம், பக்கவாட்டில். ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். திரையிலிருந்து வந்த வெளிச்சம் ஃபிலோமினாவின் கன்னத்தில் நீலமாக விழுந்து, மெல்ல மஞ்சளானது.

"இது டிப்போ" என்றார் சோலையப்பன், கல்யாண வீட்டில் ஆல்பம் காட்டுகிறவர் போல. "விடியக்காலம். ஹெட்லைட் போட்டு எடுத்தோம். இப்ப மழை வரும் பாருங்க."

அவள் கன்னத்தில் மழை வந்தது. நிழல் நிழலாக இறங்கியது. இன்பசேகரன் ஒரு முறைகூடக் கண்ணை எடுத்திருக்கவில்லை. அவளோ அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண்களை அகல விரித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, முன்னால் நடந்ததை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ரிப்போர்ட் வாங்கியவள். கண்டக்டர் வீட்டில் சொல்வானா மாட்டானா என்பது அவளுக்கு முக்கியமாக இருந்தது.

திடீரென்று அவள் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சிரிச்சாங்க பாத்தீங்களா!" சோலையப்பன் எழுந்தே விட்டார். "சில்லறை ஜோக்கு! ஒரு பய சிரிக்கலன்னு சொன்னாரு சார் புரொடியூசர். ஒரு பய சிரிக்கலன்னு!"

"அக்கா இப்படிச் சிரிச்சு…" என்று ஜெனிட்டா ஆரம்பித்து, முடிக்கவில்லை.

எழுபது நிமிடம். இன்பசேகரன் தன் வாழ்நாளில் எந்தப் படத்தையும் இப்படிப் பார்த்ததில்லை. இந்த முகத்தை அவர் இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதும், எழுபது நிமிடம் வேறு எதையும் பாராமல் பார்த்தவர் அவர்தான் என்பதும், இரண்டும் உண்மையாக இருந்தன. கடைசியில் அவள் அழுதாள். தனக்காக அல்ல, அது நன்றாகத் தெரிந்தது. படத்துக்கு அழுகிறவர்கள் கண்ணைத் துடைக்க மாட்டார்கள், அடுத்த காட்சி போய்விடும் என்று.

பிறகுதான் அவள் திரும்பினாள். நேராக அவர் கண்ணுக்குள் பார்த்தாள். புருவத்தை உயர்த்தி, கோபமாக ஏதோ சொன்னாள், சத்தமில்லாமல். முகவாயால் திரையைக் காட்டினாள்.

பதிவு அவள் சொன்னதைக் கேட்டுத் திரும்பியது. சுவரில் இப்போது வைரம் தியேட்டரின் திரை. விளக்கு அணைந்த பஸ் ஒன்று வெறும் ரோட்டில் நின்றது. முன்கதவு திறந்திருந்தது. நான்கு நொடிகள். பிறகு கறுப்பு.

சோலையப்பன் வெகுநேரம் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு செகண்டு" என்றார். "நல்லா வந்திருக்கு, இல்ல?"

ஜெனிட்டா கேமராவைத் தொடவில்லை. மேசையில் இருந்த பென் டிரைவை யாரும் தொடவில்லை. இன்பசேகரன் தொண்டையைச் செருமினார். பதினெட்டு வருடம் கருத்துச் சொன்ன வாய்க்குக் கருத்தே கிடைக்கவில்லை. கேள்விதான் இருந்தது.

"கதவு ஏன் தொறந்திருக்கு? எறங்கிட்டானா? வீட்டுல சொன்னானா இல்லயா?"

சோலையப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருடமாக யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் உயர்த்தி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சதுரம் செய்தார்.

"டிப்போ. விடியக்காலம். இன்னும் மழை ஆரம்பிக்கல…"